வீட்டுக் கணினி ஆன் ஆகும்போதே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி, கொடுங்கையூர் என வடசென்னையின் பல பகுதிகளிலிருந்தும் பழுது பார்க்கக் கொண்டுவரப்படும் மேசைக் கணினிகளில் அடிக்கடி சொல்லப்படும் குறை இது: பட்டனை அழுத்தினால் ஆன் ஆகிறது, ஆனால் விண்டோஸ் வந்து நிற்பதற்குள் அணைந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஒரே கணினி. பிள்ளைகளின் பாடங்கள், போட்டித் தேர்வுக் குறிப்புகள், குடும்பப் படங்கள், சிறு தொழிலின் வரவு செலவு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே யாரோ சொன்னார் என்று ஃபார்மட் செய்வதற்கும் மதர்போர்டை மாற்றுவதற்கும் முன்பாக, குறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலேயே எவ்வளவு தூரம் கண்டறியலாம் என்று இங்கே விளக்கியிருக்கிறோம்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

கணினி எந்தக் கட்டத்தில் திரும்புகிறது என்பதைக் கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள். வேறு எந்தச் சோதனையையும்விட இது அதிகம் சொல்லும்; இதற்குச் செலவும் இல்லை. பட்டனை அழுத்தியதும், கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தன்னுடைய மின்னழுத்தங்கள் நிலைப்பட்டுவிட்டனவா என்று பார்த்து, ‘பவர் குட்’ என்ற சைகையை மதர்போர்டுக்கு அனுப்புகிறது. அது வந்த பிறகே பிராசசர் வேலையைத் தொடங்கும். அடுத்து, மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற தொடக்க மென்பொருள் ரேம், டிஸ்ப்ளே, கீபோர்டு ஆகியவற்றைச் சோதித்துவிட்டு, மதர்போர்டு நிறுவனத்தின் லோகோவைத் திரையில் காட்டும். அதற்கும் பிறகுதான் டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறத் தொடங்கும். வட்டமாகச் சுழலும் புள்ளிகள் அப்போதுதான் தெரியும். பாஸ்வேர்டு கேட்கும் திரை கடைசியில் வருவது.

லோகோ தெரிவதற்கு முன்பே திரும்பினால் விண்டோஸுக்கும் அந்தக் குறைக்கும் தொடர்பே இல்லை; மின்சாரம், ரேம், பவர் பட்டன், மதர்போர்டு ஆகியவற்றில்தான் தேட வேண்டும். புள்ளிகள் சுழலும்போது திரும்பினால் விண்டோஸ், டிரைவர் (வன்பொருளை இயக்க உதவும் மென்பொருள்), டிஸ்க் ஆகியவற்றின் மேல் சந்தேகம் கொள்ளலாம். ரேமையும் முழுமையாக விட்டுவிட முடியாது. பாஸ்வேர்டு திரையைத் தாண்டி, சில நிமிடங்கள் ஓடிய பின் திரும்பினால் முதலில் சூட்டைப் பாருங்கள்.

இந்த மாற்றங்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் நடந்துவிடுவதுண்டு. செல்போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துப் பார்த்தால், அரை நொடி மட்டும் தோன்றி மறையும் விண்டோஸின் பிழைத் திரையும் (பெரும்பாலும் நீலம், புதிய விண்டோஸ் 11இல் கருப்பு) அதிலுள்ள எழுத்துகளும் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தொடர்ந்து தட்டி பயாஸ் திரைக்குள் சென்று, எதையும் மாற்றாமல் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கேயும் ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸ் மீது பழி போட இடமில்லை. அங்கே அசையாமல் நின்றுவிட்டு, விண்டோஸ் ஏறும்போது மட்டும் விழுந்தால், மென்பொருளையும் டிஸ்கையும் முதலில் பார்க்க வேண்டும்.

லோகோவே வருவதில்லை. ஃபேன் இரண்டு நொடி சுற்றி நிற்கிறது, மறுபடி சுற்றுகிறது. இது என்ன?

ரேம் சரியாகப் பதியாமல் இருப்பது இதற்கு மிகவும் பொதுவான காரணம். கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு ரேமை எடுத்து மறுபடியும், இரு முனைகளிலும் ‘டக்’கென்று பூட்டு விழும்வரை அழுத்திச் சொருகுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது நல்லது. குறை ரேமில் இருக்கிறதா ஸ்லாட்டில் இருக்கிறதா என்பது அப்போதுதான் பிரிந்து தெரியும். ரேம் மாற்றிய உடனே புதிய கணினிகள் தாமாகவே ஓரிரு முறை ரீஸ்டார்ட் ஆகி ரேமைப் பழக்கிக்கொள்ளும். டிடிஆர்5 வகையில் சில நிமிடங்கள் வரை கருப்புத் திரையே நிற்கலாம். அதைக் குறையென்று எண்ணி நடுவில் அணைத்துவிட வேண்டாம்.

அடுத்து, பலரும் பார்க்காமல் விடும் இடம் பவர் பட்டனும் ரீசெட் பட்டனும். பழைய கேபினட்டில் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொண்டால், கணினியைப் பொறுத்தவரை யாரோ விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். ரீசெட் பட்டனிலிருந்து மதர்போர்டுக்கு வரும் சின்னஞ்சிறு இரட்டை ஒயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். அதோடு குறை நின்றுவிட்டால் மதர்போர்டில் எந்தத் தவறும் இல்லை. ரீசெட் பட்டன் இல்லாமலேயே கணினியைப் பல ஆண்டுகள் ஓட்டலாம். பவர் பட்டனில் குறை இருந்தால் மட்டும் அந்தச் சிறு பட்டனை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பிராசசர் அருகே சொருகப்படும் 4 பின் அல்லது 8 பின் மின்னிணைப்பு தளர்ந்திருந்தாலும் இதே போலத்தான் சுற்றிச் சுற்றி நிற்கும்.

வீடு கடலோரத்தில் இருக்கிறது. உப்புக்காற்றால் கணினி கெடும் என்பது உண்மையா?

உண்மைதான்; வடசென்னையில் இதைத் தனியாகவே பேச வேண்டியிருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கரையை ஒட்டிய தெருக்களில், மேசைக்கு எதிரே கடலைப் பார்த்த சன்னல் இருக்கும் வீடுகளில், கேபினட்டைத் திறந்தால் உள்ளே படிந்திருப்பது வெறும் தூசியாக இருப்பதில்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. உப்பு கலந்த தூசி மழைக்காலத்தில் ஈரமாகி, மின்சாரத்தை மெல்லக் கடத்தத் தொடங்குகிறது. நெருக்கமாக அமைந்த பின்களுக்கிடையே அந்தப் படலம் இருந்தால், கணினி சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. மணலியிலும் எண்ணூரிலும் அனல்மின் நிலையச் சாம்பலும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் இதோடு சேர்ந்துகொள்கின்றன.

ரேமின் விளிம்பிலுள்ள தொடுமுனைகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இந்த அரிப்பு தெரியும். தங்கப் பூச்சு பளபளப்பாக இல்லாமல் மங்கிப்போயிருக்கும்; அங்கங்கே ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகளோ பச்சை நிறப் பூப்போ காணப்படும். பூச்சு மிக மெல்லியது; அதன் நுண்துளைகள் வழியே ஈரம் அடியிலிருக்கும் செம்பைத் தொட்டுவிடுகிறது. பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் மென்மையான வெள்ளை ரப்பரால், ஒரே திசையில், அழுத்தம் கொடுக்காமல் தேய்த்தால் பெரும்பாலும் சரியாகும். இதை மதர்போர்டுக்கு மேலே வைத்துச் செய்யக் கூடாது, ஏனென்றால் ரப்பர்த் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய குறை ஒன்று தொடங்கிவிடும். தேய்த்த பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு சொருகுங்கள். ஸ்லாட்டுக்கு ரப்பர் உதவாது. காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். உப்புத்தாளால் தேய்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது தங்கப் பூச்சையே எடுத்துவிடும் என்பதால் அடுத்த மழைக்காலத்தில் அரிப்பு இன்னும் வேகமாக வரும்.

கணினியைச் சன்னலுக்கு எதிரே வைக்காமல் உட்சுவர்ப் பக்கம் வைப்பதும், வாரத்தில் ஓரிரு நாளாவது ஓட்டுவதும் நல்ல பாதுகாப்பு. ஓடும்போது எழும் சூடு உள்ளேயுள்ள ஈரத்தை விரட்டும். பரீட்சை முடிந்து இரண்டு மாதம் மூடிவைத்த கணினிதான் ஜூன் மாதத்தில் ஆன் ஆகாமல் வருகிறது.

காலையில் நன்றாக ஓடுகிறது, மாலையில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. ஏன்?

மாலையிலும் முன்னிரவிலும் தெருவிலுள்ள ஏசிகள் ஒரே நேரத்தில் ஓடுவதால் வோல்டேஜ் இறங்குகிறது. உங்கள் எஸ்எம்பிஎஸ் தாங்கக்கூடிய எல்லைக்குக் கீழே அது போனால் ‘பவர் குட்’ சைகை நின்று கணினி விழுந்துவிடும். நம் நாட்டில் வீட்டு மின்சாரத்தின் அளவு 230 வோல்ட். எஸ்எம்பிஎஸ் எவ்வளவு வரை தாங்கும் என்பது அதன் பக்கவாட்டு லேபிளில் அச்சாகியிருக்கும்: சிலவற்றில் 100 முதல் 240 வரை என்றும், மலிவான சிலவற்றில் 200க்கு மேல் மட்டும் என்றும் இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது வாட்ஸைக் கேட்பதோடு இந்த எண்ணையும் பாருங்கள்.

ஆனால் ஈபி லைனைக் குறை சொல்வதற்கு முன் வீட்டுக்குள்ளே இருப்பதைச் சோதியுங்கள். கணினி, மானிட்டர், பிரிண்டர், டேபிள் ஃபேன், செல் சார்ஜர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்கினால், அதன் பின்கள் தளர்ந்து, கருகி, வோல்டேஜ் அங்கேயே வீணாகும். பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அந்த பாக்ஸை உடனே மாற்றுங்கள். யூபிஎஸ் இருந்தால், அதை விலக்கிவிட்டுக் கணினியை நேரடியாகச் சுவர் பிளக்கில் சொருகிப் பாருங்கள். பேட்டரி செத்துப்போன யூபிஎஸ், வோல்டேஜ் சற்றே இறங்கியதும் பேட்டரிக்கு மாற முயன்று, அதில் சக்தி இல்லாததால் மொத்தமாக அணைத்துவிடும். கணினியைக் காப்பாற்ற வாங்கிய பொருளே கணினியை விழச் செய்வது இப்படித்தான். அதிலிருக்கும் லெட் ஆசிட் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துபோவது இயல்பு. நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரமே நடக்கும்.

அதற்கு நேர்மாறு: காலையில் முதல் தடவை நாலைந்து முறை விழுகிறது, பிறகு நாள் முழுவதும் ஓடுகிறது. அது எப்படி?

எஸ்எம்பிஎஸ்ஸிலோ மதர்போர்டிலோ உள்ள மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள், உலர்ந்துபோனதன் அடையாளம் இது. குளிர்ந்த நிலையில் அவற்றின் உள்தடை கூடுதலாக இருப்பதால் தேவையான மின்சாரத்தைச் சீராகக் கொடுக்க முடிவதில்லை. நாலைந்து முறை முயன்றதில் சூடேறியதும் தடை குறைந்து, கணினி எழுந்துவிடுகிறது. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலை சமமாக இருக்க வேண்டும். மேடாக உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ காரணம் அதுதான். உருளை ஒவ்வொன்றையும் மாற்றித் தரும் நல்ல கைகள் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவிலும் இருக்கின்றன, நம் பகுதியிலும் இருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் என்றால் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது. “தானாகச் சரியாகிவிடுகிறதே” என்று விட்டுவைத்தால், நாலு முறை என்பது பத்து முறையாகி, ஒரு நாள் எழாமலே போகும். விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் ஹார்ட் டிஸ்கும் அடி வாங்குகிறது.

எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறதா என்று வீட்டில் சோதிக்க முடியுமா?

ஓரளவு முடியும். மல்ட்டிமீட்டர் இருந்தால், கருப்பு ஒயரை ஒரு முனையாகக் கொண்டு மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 இருக்கிறதா என்று பாருங்கள். 5 சதவீதம் வரை கூடுதல் குறைவு இருக்கலாம். அதாவது மஞ்சளில் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் மீட்டர் சரியாகக் காட்டுகிறது என்பதால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று முடிவு செய்ய வேண்டாம். பிராசசர் திடீரென்று வேலை கேட்கும் நொடியில் ஏற்படும் சரிவு மீட்டரில் தெரியாத அளவுக்கு வேகமானது. தெரிந்தவரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாற்றிப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

எந்த நிலையிலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரம் தேங்கியிருக்கும். ஒயரைப் பிடுங்கிய பின்னும் அது உயிருக்கு ஆபத்தானது.

கேபினட்டைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. ரீஸ்டார்ட்டுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

எர்த் இல்லை என்பதையே அது காட்டுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளேயுள்ள வடிகட்டி கெப்பாசிட்டர்கள் சிறிதளவு மின்சாரத்தைக் கேபினட்டின் உடலுக்கு அனுப்புகின்றன; எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உங்கள் விரலுக்கு வரும். ரீஸ்டார்ட்டுக்கு இதுவே நேர்க்காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் யூஎஸ்பி பொருள்களைச் சொருகும் நொடியில் கணினி விழுவதற்கு இது இடம் கொடுக்கும். பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் மூன்று பின் பிளக் இருந்தும் மூன்றாவது துளைக்குள் ஒயரே இல்லாமல் இருப்பது சாதாரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் அதைச் சரிசெய்யுங்கள், கணினி பிறகு.

லோகோ வருகிறது, புள்ளிகள் சுழல்கின்றன, அந்த இடத்தில் திரும்பிவிடுகிறது. என்ன செய்வது?

விண்டோஸ் பெரிய பிழையைச் சந்தித்தால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் பிழையின் பெயரைப் படிக்க முடிவதில்லை. முதலில் அந்த அமைப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில், ஏறும் நேரத்தில் இரண்டு மூன்று முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால் ரிப்பேர் திரை தானே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று சென்று ரீஸ்டார்ட் கொடுத்தால் எண்களிட்ட பட்டியல் தோன்றும். 9ஐ அழுத்தினால் தானியங்கி ரீஸ்டார்ட் நிறுத்தப்படும், 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது மிகத் தேவையான டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் ஏறும் முறை. இந்த வேலையைத் தொடங்கும் முன், டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி எண் கேட்கப்படலாம் என்பதை நினைவில் வையுங்கள்; வழக்கமாக அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும், செல்போனிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பிழைத் திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று வந்தால் ரேமைச் சோதியுங்கள். ‘வீயா அன்கரெக்டபிள் எரர்’ என்று வந்தால் பிராசசர், வோல்டேஜ், சூடு போன்ற வன்பொருள் குறை. ‘இன்அக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்றால் விண்டோஸால் தன் டிஸ்கை அணுக முடியவில்லை. இது வந்தவுடன் டிஸ்க் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரி, அதாவது 3 வோல்ட் சிஆர்2032, தீர்ந்துபோனால் பயாஸ் தன் அமைப்புகளை மறந்து டிஸ்க் இயங்கும் முறையை மாற்றிவிடக்கூடும். பயாஸில் தேதி பழைய ஆண்டைக் காட்டினால் இதைச் சந்தேகியுங்கள். புதிய பேட்டரி போட்டு, டிஸ்க் இயங்கும் முறையைக் குறிக்கும் சாட்டா அமைப்பை முன்பிருந்த ஏஹெச்சிஐ அல்லது ரெய்டு நிலைக்கு மாற்றினால் விண்டோஸ் எழுந்துவிடும். பேட்டரியின் விலை மிகக் குறைவு.

சேஃப் மோடில் நன்றாக ஓடுகிறது என்றால் வன்பொருள் பெரும்பாலும் நலம். கடைசியாகப் போட்ட டிரைவரையோ மென்பொருளையோ நீக்குங்கள். அல்லது ரிப்பேர் திரையிலிருந்தே அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ், சிஸ்டம் ரீஸ்டோர் ஆகியவற்றை முயலுங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டு, அவற்றில் பல இப்படித் திரும்பத் திரும்ப விழுந்தன. அவை நிறுவனங்களின் கணினிகள். வீட்டுக் கணினிகளில் அந்த மென்பொருள் இருப்பதில்லை. இங்கே அதைச் சொல்லக் காரணம், அவற்றைச் சரிசெய்த வழி: சேஃப் மோடில் நுழைந்து, அந்தப் பிழையான கோப்பை நீக்கியதும் கணினிகள் எழுந்தன. டிஸ்கிலிருந்த எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.

சிறிது நேரம் ஓடிவிட்டுத்தான் விழுகிறது. சூடுதான் காரணமா?

பிராசசர் மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதா, அதன் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தகடுகளின் இடைவெளி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூசி மூடிக்கொண்ட கணினிகள் ஏராளம். பயாஸில் காட்டப்படும் சூடு, எந்த வேலையும் இல்லாதபோதே 80 டிகிரியைத் தாண்டினால் பிராசசருக்கும் தகடுகளுக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்டை மாற்ற வேண்டும். சூட்டினால் விழும் கணினி பெரும்பாலும் அணைந்தே நிற்கும். உடனே ஆன் செய்தால் முன்னைவிடச் சீக்கிரம் விழும், அரை மணி நேரம் ஆறவிட்டால் கூடுதல் நேரம் ஓடும்.

வெள்ளத்தில் நனைந்த கணினி அதன் பிறகு இப்படிச் செய்கிறது. காப்பாற்ற முடியுமா?

நனைந்த பிறகு ஆன் செய்யாமல் வைத்திருந்தால் வாய்ப்பு அதிகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் எண்ணெயோடு புகுந்தது. அப்படிப்பட்ட நீர் காய்ந்தாலும் படலம் போகாது. பலகைகளைக் கழற்றி, நல்ல நீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பல நாள் முழுமையாக உலர்த்த வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்கை மட்டும் நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் அக்டோபருக்கு முன்பே கேபினட்டைத் தரையிலிருந்து மேசைக்கு ஏற்றிவிடுவது நல்லது.

ஃபார்மட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பயாஸ் திரையிலும் விழும் கணினியை ஃபார்மட் செய்வதால் எந்தப் பயனும் இல்லை. படங்களும் பாடங்களும் போவதுதான் மிச்சம். விண்டோஸ்தான் கெட்டிருக்கிறது என்று மேற்சொன்ன சோதனைகளில் உறுதியான பிறகும், முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவ் மூலம் கணினியை எழுப்பி எடுக்கலாம்; அல்லது டிஸ்கைக் கழற்றி, சாட்டாவை யூஎஸ்பியாக மாற்றும் சிறு ஒயர் வழியாக இன்னொரு கணினியில் சொருகி எடுக்கலாம். டிஸ்கிலிருந்து ‘டிக் டிக்’ என்ற சத்தம் வந்தால் எதையும் முயலாமல் உடனே நிறுத்திவிடுங்கள்; ஓடும் ஒவ்வொரு நிமிடமும் மீட்கக்கூடியதைக் குறைக்கிறது.

கடைக்குக் கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

“ஆன் ஆகவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் விழுகிறது, எந்த நேரத்தில் விழுகிறது, பயாஸில் நிற்கிறதா, கடைசியாக எதை மாற்றினீர்கள் என்பவற்றைச் சொல்லி, எடுத்த வீடியோவையும் காட்டுங்கள். “கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம்” என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பொருளைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். காலையில் மட்டும் விழும் குறையாக இருந்தால், சரிசெய்த அன்றே வாங்கிவராமல், இரவு முழுவதும் அணைத்துவைத்து மறுநாள் முதல் முறை உங்கள் எதிரில் ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். அது குளிர்ந்த நிலையில் மட்டுமே வெளிப்படும் குறை என்பதால், ஏற்கெனவே ஓடிச் சூடான கணினியை எத்தனை முறை ஆன் செய்து பார்த்தாலும் தெரியாது.